மறுசோதனைக்கு வீட்டை அழுக்காக்க உதவி கோருவது

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரன், அதாவது வீடு கையில் இருக்கும்வரை வீட்டுக்காரன், எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் சுகம். வீட்டுக்குத்தான் சுகமில்லை.

முதல் வீடு வாங்குகிறவனுக்கு அரசாங்கம் கைகொடுக்கிறது என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன் அல்லவா? அந்தக் கைக்குப் பின்னாலேயே ஒரு சட்டமும் வந்தது. உதவி வாங்கினவன் அந்த வீட்டிலேயே குடியிருக்கணும். பூட்டிப் போட்டால் உதவி ரத்து. எனக்கென்ன, மடியில் கனமில்லை என்று இருந்தேன். நேற்று சோதனை போட ஒரு அதிகாரியம்மா வந்தார். உங்கள் அக்காவைத்தான் தெரியுமே, தூசிகூட அவளைக் கேட்டுத்தான் உட்காரணும். சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை, எங்களுக்குத் தரை. புது அடுப்பில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. கொல்லையில் சமைக்கிற பழைய ஸ்டவ்வையும், ஆள் வருதுன்னு சாக்குப் போட்டு மூடிட்டா. சுவரில் எதையாவது ஒட்டினால் விரலை ஒடிப்பேன் என்று மகளை மிரட்டி வைத்த புத்திசாலி நான்.

"இங்க யாருமே குடியிருக்கலையே சார்?"

"நாங்கதாம்மா இருக்கோம்."

"இருந்தா இவ்வளவு சுத்தமாவா இருக்கும்?"

உங்கள் அக்கா அதைப் பாராட்டென்று நினைத்து, "நாங்க எதையும் தொடவே மாட்டோங்க" என்றாளே பார்க்கணும்! அந்தம்மா அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மறுசோதனையாம். அதிலும் தோற்றால், வாங்கிய உதவியை வீட்டை விற்றுத்தான் கட்டணும். சரி, நாமே அழுக்காக்குவோம் என்று அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெளித்தேன். திரும்புவதற்குள் துடைத்துவிட்டாள். கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க" என்கிறாள்.

புது வீட்டைப் பார்க்க வர்றோம்னு நீங்க சொன்னப்போ, பிள்ளைங்களை விட்டுட்டு வாங்கன்னு சொன்ன அதே வாய்தான் இப்போ கெஞ்சுது மச்சான். மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க. பெரியவன் கதவில் தொங்கட்டும். சின்னவள் சுவரில் கிறுக்கட்டும். மாமா மூச்சு விடமாட்டேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்; கை கழுவாமல் வரவும்.

இப்படிக்கு,
சொந்த வீட்டில் விருந்தாளியாய் இருக்கும்
உங்கள் அத்தான்

பி.கு.: இதை எழுதும்போது டீ டம்ளரைப் புது மேசையில் வைத்துத் தொலைத்தேன். வட்டமாய்க் கறை. "மனுஷன் குடியிருக்கிற வீடா இது!" என்று உங்கள் அக்கா தெருவே கேட்கக் கத்தினாள். நேற்று மறந்துபோன குடையை எடுக்க வந்த அதிகாரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரக்கூட இல்லை. 'குடும்பம் குடியிருக்கிறது' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். நீங்கள் வருவதையும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.