தறி நின்ற அரை மணி நேரம்

எனக்கு நன்றாகத் தெரிந்த பதிலைக்கூட, கேட்டவர் புருவத்தைத் தூக்கினால் மாற்றிச் சொல்லிவிடுவேன். (கல்யாண மேடையில் என் நட்சத்திரத்தைக் கேட்டபோதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.) அப்படிப்பட்ட நான், யாழினி பிறந்து மூன்று வருடம் கழித்து ஒரு வீடியோ நேர்காணலில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தே பார்க்கும் சாஃப்ட்வேர் வேலை. அது கிடைக்காவிட்டால் தினமும் சென்னைக்கு ரயில், குழந்தை விழித்திருக்கும் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமியாரின் தறி இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று, "அரை மணி நேரம் நிறுத்தறீங்களா அத்தை?" என்று கேட்டேன். நிறுத்தினார். தறி நின்றால் கைக்கு வேலையில்லை, காது மட்டும் சும்மா இருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை.

"அக்ரிகேஷனுக்கும் கம்போசிஷனுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் திரையில் இருந்தவர்.

"முழுப்பொருள் போனாலும் பாகம் தனியா இருந்தா அக்ரிகேஷன் சார். முழுசோட சேர்ந்து பாகமும் போயிட்டா கம்போசிஷன்."

அத்துடன் வாயை மூடியிருக்கலாம். உதாரணம் சொல்லி அசத்த ஆசைப்பட்டேன்.

"எங்க ஊர் பட்டுப்புடவைய எடுத்துக்கங்க. பார்டரையும் உடலையும் தறியிலேயே கோத்து நெய்வாங்க. புடவை போச்சுன்னா பார்டரும் போச்சு. அதனால கம்போசிஷன்."

"புடவ போனா பார்டர் எப்படிமா போவும்?" என்றது வாசற்படி.

போய்விடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அத்தை அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு, இடுப்பில் யாழினியோடு உள்ளே வந்தார்.

"உன் நிச்சயதார்த்தப் புடவ மடிப்பு மடிப்பா கிழிஞ்சுதே, அந்தப் பார்டர் இன்னா ஆச்சு? இதோ இருக்குது பாரு." குழந்தையின் பாவாடை விளிம்பைக் கேமரா முன் விரித்தார். அரக்குச் சிவப்பில் என் நிச்சயதார்த்த அன்னங்கள் வரிசையாக நின்றன.

"அப்போ இது எது மேடம்?" என்றார் அவர்.

"அக்ரிகேஷன் சார்."

புருவம் உயர்ந்தது.

"கம்போசிஷன் சார்."

"உறுதியா?"

"நீங்க எது சொல்றீங்களோ அது சார்."

"அவுருக்குத் தெரிஞ்சா உன்ன எதுக்குமா கேக்கறாரு?" என்றார் அத்தை.

திரையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு, "அந்தப் பாவாடையையே புரோகிராம் கோடா எழுதிக் காட்டுங்க" என்றார்.

புடவைக்குள்ளேயே பார்டர் பிறப்பதுபோல் முதலில் எழுதினேன், அழித்தேன். பார்டரை வெளியே தனியாக உருவாக்கி, முதலில் புடவையிடமும் பிறகு பாவாடையிடமும் கொடுத்தேன். நடுவில் யாழினி மடியில் ஏறி ஒரு வரி முழுக்க ஒரே எழுத்தைத் தட்டினாள். (அதை அழிக்கலாமா என்று அவரிடமே கேட்டேன்.)

வேலை கிடைத்துவிட்டது. மானம்தான் திரும்பவில்லை. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை முதல் கழன்று விழுந்த குக்கர் கைப்பிடி வரை, எங்கள் வீட்டில் எல்லாமே இப்போது அக்ரிகேஷன்தான்.

போன மாதம் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்ட முதல் நாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். நான்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இவ இன்னும் கம்போசிஷன்னு நெனச்சிக்கினு நிக்கறா," என்றார் கணவர்.

அத்தை என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். "வாமா. அது அக்ரிகேஷன். சாயங்காலம் முழுசா வந்துரும்."