நங்கூரம் வளர்த்த மாலுமி

தேசத்துக்குச் சிலர் பிள்ளைகளை வளர்த்துக் கொடுப்பார்கள். மூதூர் கலீலுர் றஹ்மான் ஒரு நங்கூரத்தை வளர்த்துக் கொடுத்தார். அவர் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்த அன்று அது நாலடி. இருபத்திரண்டு வருடம் கழித்து, அதே மாலுமியாக ஓய்வுபெற்ற அன்று ஆறடி. சந்தேகப்படுகிறவர்கள் அவரிடமே கேட்கலாம்; ஏழடி என்பார்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய முகாம் ஒன்றின் வாசலில் அந்த நங்கூரம் நின்றது. முகாமின் பெயரைச் சொன்னால் தேசப் பாதுகாப்புக்குப் பங்கம். பெரியவர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால், முதல் நாள் அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். துருவைச் சுரண்டிவிட்டு அடிப்பதுதான் முறை. ஆனால் சுரண்ட மூன்று கையெழுத்தும் மூன்று நாளும் தேவை. அடிக்க ஒரு வாளி போதும். ஆகவே "சுரண்ட நேரமில்லை, அடி" என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டளை பிறந்தது. கலீலுர் றஹ்மான் அடித்தார். பெரியவர் வந்தார், "என்ன கட்டுக்கோப்பு" என்று வியந்தார், போனார். அடுத்த பெரியவருக்கு அடுத்த பூச்சு. இவ்வாறு கப்பல் ஏறாமலே ஒரு மனிதர் கடற்சேவை புரிந்தார்.

இந்த மகத்தான தொண்டில் ஒரேயொரு கறை. இரண்டாம் வருடம் பெயின்ட் பிறஸ் ஒன்று, மரக் கைபிடி போட்ட தூரிகை, காணாமற்போனது. இலக்கம் 47. "அரச உடைமையைக் கடலில் தவறவிட்டமை" என்று குற்றக் கடிதம் எழுதி அவருடைய ஏழு நாள் லீவை வெட்டினார்கள். நங்கூரத்திலிருந்து கடல் அரை மைல் தூரம்.

அந்த ஏழு நாளுக்குள்தான் மனைவி றுக்கியாவின் நானா, அதாவது அண்ணன், ஸெய்னுதீனுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நடக்க வேண்டிய மச்சானைக் காணவில்லை. பழைய இரும்பு வியாபாரியான ஸெய்னுதீன் எதையும் நிறுத்துப் பார்த்தே நம்புகிறவர். பிறஸ் கதையை அவர் நம்பவில்லை. நங்கூரம் வளர்ந்த கதையைக் கேட்டபின் மச்சானின் பெயரைக்கூட நம்பவில்லை.

இப்போது ஸெய்னுதீனின் மகள் றிஷானாவுக்குக் கலியாணம். மூதூர் முழுக்க அழைப்பு. தங்கை வீட்டுக்கு வந்த அழைப்பிதழில் றுக்கியாவின் பெயர் மட்டும் இருந்தது.

"நானா, இவரையும் கூப்பிடுங்களேன். புதுச் சேட்டும் தைச்சி வெச்சிரிக்கார்."

"அந்தப் பிறஸ் கெடச்சா கூட்டிக்கிட்டு வா."

தேசம் கைவிடவில்லை. அதே வாரம் முகாம் வாசலை அகலமாக்கினார்கள்; நங்கூரம் "பாவனைக்கு உதவாதது" என்று ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் ஸெய்னுதீன். தூக்குவதற்கு எட்டுப் பேரைக் கொண்டுபோனார். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

செய்தி கேட்ட கலீலுர் றஹ்மான், லெமினேட் செய்து வைத்திருந்த குற்றக் கடிதத்தோடு கடைக்கு விரைந்தார். இருபது வருடமாக மிதிக்காத படி. வாசலிலேயே நின்றார்.

"வளந்திரிக்கா இல்லயா, பாருங்க மச்சான்."

"வீங்கியிரிக்கி" என்றார் ஸெய்னுதீன், முகம் பாராமல். கிரைண்டரை எடுத்து அறுத்தார்.

வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று பெயின்ட் தட்டுத்தட்டாக வந்தது. நடுவில் ஒரு பச்சை.

"இதென்ன பச்சை?"

"அந்த வருசம் வந்த பெரியவருக்குப் பச்சை புடிக்கும்."

இன்னும் உள்ளே போனதும் கிரைண்டர் மரத்தில் பட்டது. ஸெய்னுதீன் சுத்தியலால் தட்டி எடுத்தார். ஒரு பிறஸ். கைபிடியில் 47. ஈரப் பெயின்டில் ஒட்டவைத்துவிட்டு அன்று சாப்பிடப் போன மாலுமி, மறுநாள் புதுப் பிறஸ்ஸால் பழைய பிறஸ்ஸுக்கும் சேர்த்தே பூசியிருக்கிறார். அவ்வளவு கடமையுணர்ச்சி.

ஸெய்னுதீன் கடிதத்தை வாங்கினார். இலக்கத்தைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து மச்சானுக்குப் போட்டார்.

"வெள்ளிக்கிழம நேரத்தோட வந்திடுங்க. மாப்பிளைய எதிர்கொள்ள நீங்கதான் முன்னுக்கு நிக்கணும்."

கலீலுர் றஹ்மான் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆனாலும் வரலாறு முக்கியமல்லவா.

"அப்ப நங்கூரக் கதை நடந்ததெண்டு ஒத்துக்கொள்றீங்களா?"

ஸெய்னுதீன் குனிந்து, அறுத்த பக்கத்துக்குள் கைவிட்டு, ஒரு பிடி துருத்தூளை அள்ளி மச்சானின் உள்ளங்கையில் கொட்டினார்.

"ஓம் மச்சான், நடந்ததுதான். பிறஸ் இரிக்கி. பெயின்ட் இரிக்கி. நீங்க எல்லாரும் சல்யூட் அடிச்ச நங்கூரம்தான் இல்ல."