மெனுவையும் பூட்டிய அழுங்கு

ஒரு காட்டில், புலியின் பசியும் குறையவில்லை, மானின் பயமும் குறையவில்லை. ஆயினும் நாகரிகம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. அது ஒரே ஒரு கணினியின் வடிவில் வந்தது. மலையடிவாரத்துப் பங்களாவைக் காலி செய்தவர்கள் அதை அங்கேயே விட்டுப் போனார்கள். குரங்குகள் அதைக் குகைக்குத் தூக்கி வந்தன. கூரையிலிருந்த சூரியத் தகட்டையும் பெயர்த்து வந்து இரண்டையும் இணைத்தன. பிறகு சலித்துப்போய் வேறு மரத்துக்குத் தாவிவிட்டன.

கணினி ஒன்று, காட்டில் கட்சிகள் இரண்டு. புல் தின்போரும் ஊன் தின்போரும் அதற்கு உரிமை கோரினர். இழுபறி நீண்டபின், கணினியின் வயிற்றை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பாதி. ஒவ்வொரு பாதிக்கும் தனி இயங்குதளம், தனிப் பூட்டு, தனிக் கடவுச்சொல். உள்ளே எழுதியதெல்லாம் கூழாகக் குழம்பிக் கிடக்கும். உரிய சொல்லைத் தட்டினால் மட்டுமே தெளியும்.

புல் தின்போர் தங்கள் பாதியில், குட்டிகளை ஒளித்து வைத்திருக்கும் புதர்களையெல்லாம் பதிந்து வைத்தனர். தாய்மார்களுக்குத் தெரிந்த புதரைக் கணினிக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கிழட்டு முயல் கேட்டது. பிற்போக்குவாதி என்று பெயர் பெற்று அடங்கியது.

இரு பாதிகளையும் பூட்டும் வேலை கவசவல்லி என்னும் அழுங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. எறும்புத்தின்னி என்று உலகோர் அழைப்பது அவள் இனத்தைத்தான். அவளுக்குத் தகுதிகள் இரண்டு இருந்தன. அந்தப் பங்களாவின் மேசைக்கால்களில் கறையான் தின்று வளர்ந்தவள் ஆதலால், அங்கே குடியிருந்த பொறியாளர் மேசைமேல் செய்ததையெல்லாம் கீழிருந்து பார்த்திருக்கிறாள். மற்றொன்று குலத்தகுதி. ஆபத்து என்றால் சுருண்டு பந்தாகி, மெல்லிய வயிற்றை உள்ளே மறைத்துச் செதிலை மட்டும் உலகுக்குக் காட்டும் குலம் அது. ‘திறந்த இடம் தின்னப்படும் இடம்’ என்பது அக்குலப் பெண்களின் வாய்மொழி.

வேலை முடிந்தால், மருத மரத்தடியில் இருந்த பெரும் கறையான் புற்று அவளுக்கும் அவள் வழியினருக்கும் சொந்தம். முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புலியின் தூதனாகிய சதுரன் என்னும் நரி பணிவோடு எடுத்துரைத்தான்.

“அம்மணி, தங்கள் செதிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காண மன்னருக்கு நெடுநாள் ஆசை. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.”

கவசவல்லி இரு பாதிகளையும் செவ்வனே பூட்டினாள். எஞ்சியது பூட் மெனு ஒன்றே. கணினி கண்விழித்தவுடன், ‘எந்தப் பாதிக்குள் போக வேண்டும்?’ என்று இரண்டு வரிகளைக் காட்டிக் கேட்கும் சிறு பட்டியல் அது. இரண்டே வரிகள்தாம். ஆனால் வரிகள் இரண்டு என்றால், ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் இருந்தாக வேண்டும். அங்கே மூண்டது போர்.

“மேல் வரி மன்னருக்கே உரியது. மாட்டுக்கூட்டத்துக்குப் பின்னால் புலி நின்றதாக எங்கேனும் உண்டா?” என்றான் சதுரன்.

“ஏன் இல்ல? பின்னால நின்னுதானேய்யா எப்பவும் பாயுறீங்க! அங்கேயே நிக்கச் சொல்லு உங்க ஆளை,” என்றாள் புல் தின்போரின் தலைவியாகிய காட்டெருமை பெருந்தேவி.

சதுரன் வாலைக் கோதினான். பிறகு எதிர்பாராத பெருந்தன்மையோடு தலை தாழ்த்தினான்.

“மேல் வரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள் தாயே. எங்களுக்கு ஒரு சிறு சலுகை போதும். மன்னருக்கு நகம் நீளம். பொத்தானை அழுத்தினால் பொத்தான் நொறுங்கிவிடும். ஆகவே, பத்து எண்ணுவதற்குள் எவரும் எதையும் அழுத்தாவிட்டால், கணினி தானாகவே எங்கள் பாதிக்குப் போய்விடட்டும்.”

“மேல் வரி எங்களுதுதானே?”

“தங்களுடையதே.”

“பெரிய எழுத்துல?”

“மிகப் பெரிய எழுத்தில்.”

“அப்பச் சரி,” என்று சொல்லிப் பெருந்தேவி வெற்றிக்களிப்போடு மேயப் போனாள்.

கவசவல்லிக்கு உடனே ஒன்று உறைத்தது. புல் தின்போர் தரப்பில் கணினியைத் தொடும் உரிமை பெற்றவர் நிதானமுத்து என்னும் ஆமை ஒருவரே. கடவுச்சொல்லை ஒருபோதும் மறக்காதவர் என்பதால் கிடைத்த பதவி அது. அவரால் மறக்க இயலாது. ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்துத் தட்டி முடிப்பதற்குள் அது எலும்பில் ஏறிவிடும்.

பெருந்தேவி மறைந்ததும் சதுரன் நெருங்கி வந்தான்.

“ஆமையார் காலைத் தூக்கிப் பொத்தானில் வைப்பதற்குள் பத்து எண்ணி முடிந்துவிடும், இல்லையா அம்மணி?”

“ஐம்பதும் முடிந்துவிடும்,” என்றாள் அவள்.

“அடடா, பாவம்! வழிதவறி எங்கள் பாதியின் வாசலுக்கு வந்து நிற்பார். திரை கடவுச்சொல் கேட்கும். அவருக்குத் தெரிந்தது அவர்களுடைய சொல்தானே, அதைத் தட்டுவார். எங்கள் வாசலில் எவர் எதைத் தட்டினாலும் பதிந்து வைக்கும்படி நானே ஒரு சிறு வித்தை செய்து வைத்திருக்கிறேன்.” சதுரன் நாவால் மீசையைத் துடைத்துக்கொண்டான். “குட்டிகள் இளசாக இருக்கும்போதே மன்னர் பார்க்க விரும்புகிறார்.”

கவசவல்லி தன் வேலைக்குத் திரும்பினாள். அவள் பூட்டுக்காரி, நீதிபதி அல்லள். மான்குட்டிகள் அவளுக்கு உறவும் அல்ல, உணவும் அல்ல. மருத மரத்தடிப் புற்றின் வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை, மெனுவைக் காண இரு கட்சிகளின் சபையும் கூடவிருந்தது. முந்தின மாலையே அவள் மெனுவை எழுதி முடித்தாள். மேலே புல், மிகப் பெரிய எழுத்தில், கீழே ஊன், பத்து எண்ணிக்கை. எல்லாம் கேட்டபடியே அமைந்தது. ஒன்று மட்டும் அவள் கண்ணை உறுத்தியது.

அந்த மெனு இருந்த இடம், இரு பூட்டுகளுக்கும் வெளியே ஒரு சிறு கீற்று. கணினி விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான் என்பதால், பொறியாளர் அதைத் திறந்தே வைப்பார். மேசைக்கு அடியிலிருந்து அவள் அதைப் பார்த்ததுண்டு. சோம்பேறித்தனம் என்று எண்ணியதும் உண்டு. இத்தனை செதிலுக்கு நடுவே, பூட்டில்லாமல், வெளுத்த வயிறு போல் மல்லாந்து கிடந்தது அந்தக் கீற்று. வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்த அழுங்கு எதுவும் கிழப்பருவம் கண்டதில்லை. இதை இப்படியே விட்டுவிட்டுப் போனால், அவளுடைய பாட்டிமார் கறையான் உலகத்திலிருந்து காறி உமிழ்வார்கள்.

கவசவல்லி மெனுவை எடுத்து உள்ளே வைத்தாள். அதன்மேலும் பூட்டைப் போட்டாள். கீற்றைச் சுத்தமாகத் துடைத்தாள். இப்போது கணினியில் திறந்த இடம் என்று ஒன்றுமே இல்லை. தன் குலத்துக்கே உரிய நிறைவோடு கணினியை அணைத்துவிட்டு உறங்கினாள்.

மறுநாள் காலை குகை நிரம்பியிருந்தது. புலி முன்வரிசையில் அமர்ந்திருந்தது. அதனால் மற்ற அனைவரும் பின்வரிசையையே விரும்பினர். நிதானமுத்து கணினியைத் தொடங்கி வைத்தார். விசிறி உறுமியது. திரை கறுத்தது. கறுப்பின் மூலையில் ஒரு சிறு கோடு தோன்றி மறைந்து, தோன்றி மறைந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

“எங்கய்யா என் பெரிய எழுத்து?” என்றாள் பெருந்தேவி.

கவசவல்லிக்கு விளங்கிவிட்டது. ‘எந்தப் பாதி?’ என்று கேட்க வேண்டிய வாயையே அவள் பூட்டின் உள்ளே வைத்துவிட்டாள். கேள்வி வராமல் எவரும் பதில் சொல்ல இயலாது. பதில் சொல்லாமல் கேள்வியை வெளியே எடுக்க இயலாது. ஆபத்து வந்தால் செய்ய வேண்டியதை அவள் உடனே செய்தாள். சுருண்டு பந்தானாள்.

“அம்மணி, இது என்ன?” என்றான் சதுரன். பந்து இன்னும் இறுகியது.

புலி எழுந்து வந்து பந்தின்மேல் பாதத்தை வைத்தது. நகங்கள் செதில்களின் இடுக்கைத் தேடின.

நெடுநாள் திட்டம் கண்ணெதிரே கறுத்துக் கிடப்பதைக் கண்ட சதுரனுக்கு அப்போது நிதானம் போயிற்று. “இந்நேரம் ஆமை தங்கள் சொல்லை எங்கள் வாசலில் தட்டியிருக்க வேண்டுமே! அத்தனையும் வீணாய்ப் போயிற்றே!” என்று வாய்விட்டுக் கதறிவிட்டான்.

பின்வரிசைக் காதுகளெல்லாம் நிமிர்ந்தன.

“எங்க சொல்லை உங்க வாசல்ல எதுக்குடா தட்டணும்?” என்றாள் பெருந்தேவி. அவள் மெதுவாக யோசிப்பவள். ஆனால் யோசித்து முடித்தால் கொம்போடு முடிப்பவள். “ஓகோ! அதுக்குத்தான் பத்து எண்ணச் சொன்னியா?”

“அதுதானே பார்த்தேன்…” என்று தொடங்கினார் நிதானமுத்து. மீதியைச் சொல்வதற்குள் பெருந்தேவி கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

“பாத்தீங்களா! இவன் சூது பண்றான்னு தெரிஞ்சு, நம்ம புள்ளைங்களைக் காப்பாத்தத்தான் அந்தப் புண்ணியவதி கதவையே இல்லாம பண்ணிட்டா! வாயைத் திறந்து சொன்னாளா பாரு? இப்பவும் எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா!”

காட்டெருமைகள் ஓரடி முன்னே வந்தன. புலி தன் பாதத்தை, அதை அங்கே வைத்ததே மரியாதை செய்வதற்குத்தான் என்பது போல எடுத்துக்கொண்டது. சதுரனும் பிழைக்கத் தெரிந்தவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இரு தரப்பையும் ஒருங்கே வெளியே நிறுத்தியதைவிட உயர்ந்த நடுநிலை உண்டா? நான் கதறியது ஆனந்தத்தால்,” என்றான்.

பந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சுருண்டு கிடந்தது. புகழுரைக்கு அது அசையவில்லை. ‘புற்றை இன்றைக்கே ஒப்படைப்போம்’ என்று எவரோ சொன்னபோதுதான் அதில் ஒரு மூக்கு வெளிப்பட்டது.

கவசவல்லி காட்டின் தலைமைப் பூட்டாளர் ஆனாள். துடைத்த கீற்றில் புதிதாக ஒரு மெனுவை எழுதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும், அது ஒரு வாய்க் கறையான் தின்னும் நேரத்து வேலை என்பதும் அவளுக்குத் தெரியும். திறந்த இடம் தின்னப்படும் இடம் என்பதும் தெரியும். எனவே, தின்பதைத் தொடர்ந்தாள்.

பின்னொரு நாள் ஒரு முள்ளம்பன்றி நீர்த்துறைக்கு மணி அமைத்துக் கொடுத்தது. மணி நன்றாகவே அடித்தது. ஒரே ஒரு முறை சற்றுப் பிந்தி அடித்தது. முள்ளம்பன்றியைக் காட்டைவிட்டே துரத்தினார்கள்.

தாய்மான்கள் பழையபடி மனத்தில் குறித்த புதர்களில் குட்டிகளை ஒளிக்கின்றன. புலி பழையபடி மூக்கால் தேடுகிறது. நிதானமுத்து மட்டும் நாள்தோறும் குகைக்கு வந்து, கணினியைத் தொடங்கி, கறுத்த திரையில் அந்தக் கோடு மினுங்குவதைக் கண்டு, “பத்திரமாக இருக்கிறது,” என்று சொல்லி அணைத்துவிட்டுத் திரும்புகிறார்.

நீதி: அரைகுறையாகக் கெடுத்தவனைத் துரத்துவார்கள், எவரும் உள்ளே புகுந்து பார்க்க முடியாதபடி கெடுத்தவனுக்குப் பதவி தருவார்கள். ஆகவே, எக்காரியத்தையும் முழுமையாகச் செய்க.