பன்னிரண்டாம் இருக்கைக்கு மூன்று பேர்

சாதாரணமாகச் செய்தாலே போதும் என்ற வேலையைக் கெட்டித்தனமாகச் செய்து கெடுப்பது என் பிறவிக் குணம். அந்தக் குணம்தான், எனக்கு வரவிருந்த மாமியாரை ஒரு படகில் முன்பின் தெரியாதவரோடு கதிரைக்குச் சண்டை பிடிக்க வைத்தது.

திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறவர் என் அக்காவின் கணவர். படகில் இருபது இருக்கைகள். அதற்கு மேல் ஒரு பூனையைக்கூட அத்தான் ஏற்றமாட்டார். போனிலேயே இருக்கை பதிவு செய்ய ஒரு சின்ன மென்பொருள் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். முதல் வேலையில் சேர்ந்து அப்போது எனக்கு ஆறு மாதம். (தலைக்கனத்துக்கு மட்டும் அறுபது வருட அனுபவம்.)

முதலில் எழுதியது ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருவரின் பதிவு முடிந்த பிறகே அடுத்தவரை எடுக்கும். ஒற்றை இழை என்பார்கள். எனக்கோ அது வெட்கமாக இருந்தது. எட்டு இழைகள் விட்டால் எட்டுப் பேரை ஒரே நேரத்தில் கவனிக்கலாமே!

“ஒண்டொண்டா எடுத்தா என்ன குறை? இருபது பேர்தானே வருவினம்” என்றார் அத்தான்.

“இருபதாயிரம் பேர் வந்தா என்ன செய்வீங்கள்?”

“வந்தா நான் கப்பல் வாங்கிறன்.”

நான் கேட்கவில்லை. எட்டு இழைகள் போட்டேன். என்னுடைய ஒரேயொரு போனில் நானே தனியாகப் பதிவு செய்து பார்த்தேன். அற்புதமாக இருந்தது.

அந்த வாரம்தான் எனக்குச் சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை சுதனும் மென்பொருள் எழுதுகிறவர். “அவையள் படகில வரட்டும். உன்ர கெட்டித்தனத்தையும் பாக்கட்டும்” என்றாள் அக்கா.

பார்த்தார்கள். அன்று காலை ஆறு மணிக்குப் பதிவு திறந்ததும் எல்லாரும் ஒன்றாகப் போனைத் தட்டியிருக்கிறார்கள். ஏழு மணிக்கு இறங்குதுறையில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரிடமும் டிக்கெட்.

சுதனின் அம்மா பன்னிரண்டாம் இருக்கையில் அமர்ந்திருந்தார். திரியாயிலிருந்து வந்த ஒரு பெண் அவர் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, இது என்ர கதிரை.”

“இல்லைப் பிள்ளை, எனக்குப் பன்னிரண்டு.”

“எனக்கும் பன்னிரண்டு!”

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் போனை நீட்டினார். “என்ட போன்லயும் பன்னிரண்டுதான். நீங்க ரெண்டு பேரும் இருங்க, நான் நிண்டு வாறன்.”

“நிண்டுகொண்டெல்லாம் வர ஏலாது!” என்று அத்தான் கத்தினார்.

சுதன் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். “லொக் போடேல்லையோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

லொக் என்றால் பூட்டு. ஓர் இழை ஓர் இருக்கையைப் பதியும்போது மற்ற இழைகளைக் காத்திருக்க வைப்பது. நான் போடவில்லை. மூன்று இழைகள் ஒரே கணத்தில் எட்டிப் பார்த்து, ‘பன்னிரண்டு காலி’ என்று கண்டு, ஆளுக்கொருவருக்குக் கொடுத்துவிட்டன.

“ஓம், போடேல்லை” என்றேன். திமிங்கிலம் கரைக்கே வந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

அத்தான் எல்லாரையும் இறக்கினார். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, “லைனா வாங்கோ!” என்றார். ஒருவர் பெயரை எழுதி முடித்த பிறகே அடுத்தவரைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் இருபது பேர் ஏறிப் புறப்பட்டுவிட்டார்கள். மிச்சப் பதினொரு பேரும் நானும் இரண்டாம் பயணத்துக்குக் காத்திருந்தோம். அதில் சுதன் குடும்பமும் பன்னிரண்டாம் இருக்கைக்காரர் மூவரும் அடக்கம்.

மூன்று மணி நேரம். திரியாய்ப் பெண் கொண்டுவந்த புட்டை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சுதன் என் பக்கத்தில் அமர்ந்து பூட்டு போடக் காட்டித் தந்தார். பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே முடியவில்லை.

“பிழை விட்டா ஓமெண்டு சொல்லுது. இந்தப் பிள்ளை போதும்” என்றார்.

கலியாண நாளில், மணவறையில் நான் உட்காரப் போகும்போது, அவர் ஐயரையே நிறுத்திவிட்டுச் சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

“பிள்ளை, இந்த இடத்தை வேற ஆருக்கும் குடுக்கேல்லைத்தானே?”