மாகிரட்டுக்கு மட்டும் ஒரு விலை

முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கடைக்கார மஹ்ரூப் நானா முட்டையை முப்பத்தெட்டு ரூபாய்ப்படி எண்ணிக் கொடுத்தார். அடுத்ததாக நின்ற மாகிரட்டிடம் நாற்பத்தைந்து ரூபாய்ப்படி வாங்கினார். அந்தப் பெண் திருகோணமலைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. மாகிரட்டோ உட்துறைமுக வீதியில் இருக்கும் அந்தக் கடையைத் தவிர வேறு கடையில் பன்னிரண்டு வருடமாக ஒரு முட்டைகூட வாங்காதவள். விலை கேட்பது வாடிக்கைக்காரருக்கு அழகில்லை என்று இதுவரை அவள் கேட்டதுமில்லை.

இன்றைக்குக் கேட்டாள்.

மஹ்ரூப் கோபிக்கவில்லை. கல்லாவை மூடிவிட்டு நிதானமாகத் திருப்பிக் கேட்டார்.

"அக்கா, முட்டை அறுபதுக்குப் போன நேரம் ஒங்களுக்கு என்ன விலைக்குத் தந்தன்?"

"நாப்பத்தஞ்சுக்கு."

"அப்பவே சொன்னன்தானே, ஒங்களுக்கு எப்பவும் நாப்பத்தஞ்சு எண்டு. ஏறினாலும் மாறாது, இறங்கினாலும் மாறாது. அதுதானே வாடிக்கைக்கு மரியாதை."

மாகிரட்டுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாதி வழி வந்ததும் அநியாயமாகப் பட்டது. வீட்டுப் படலையைத் திறக்கும்போது மறுபடியும் நியாயமாகப் பட்டது. தலை சுற்றியது.

நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் மூன்று கிழமைதான். கேக் ஓடர்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முட்டையை உடைத்து உடைத்தே கை ஓய்ந்துவிடும். இந்த லாபத்தில்தான் புது ஓவன் வாங்க வேண்டும். பழையது ஒரு பக்கம் கருக்கி மறுபக்கம் மாவாகவே விடுகிறது. இன்னொரு வருடம் தாங்காது. முட்டையில் லாபம் போனால் ஓவன் இல்லை. ஓவன் இல்லாவிட்டால் கேக் தொழிலும் இல்லை.

கணவர் பேணாட்டிடம் சொன்னாள். பேணாட் துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். எதையும் விளங்கப்படுத்துவதில் வல்லவர், விளங்குவதுதான் நடக்காது. அந்த நேரம் மஹ்ரூப் முட்டைக்குப் பதினைந்து ரூபாய் விட்டுத் தந்திருக்கிறார், இப்போது ஏழு ரூபாய்தான் கூட எடுக்கிறார், அப்படிப் பார்த்தால் நாங்கள்தான் அவருக்கு இன்னும் எட்டு ரூபாய் கடன் என்று முடித்தார்.

"நீங்கள் ஆரின்ர பக்கம்?" என்று மாகிரட் கேட்டாள்.

"கணக்கின்ர பக்கம்" என்றார் பேணாட்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனவள், தன்னை வாடிக்கையிலிருந்து எடுத்துவிடும்படி மஹ்ரூபிடம் சொல்லிவிட்டாள். ஊர் உலகத்துக்கு என்ன விலையோ அதுவே தனக்கும் போதும் என்றாள். மஹ்ரூபின் முகம், பேசி முடித்த சம்பந்தம் குழம்பிய வீட்டுக்காரர் முகம் போல ஆகிவிட்டது. இரண்டு தரம் யோசிக்கச் சொன்னார். அவள் யோசிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு முட்டைகளை எடுத்து வைத்து, ஒன்று ஐம்பது ரூபாய் என்றார். நத்தார் நெருங்குவதால் இன்று காலைதான் ஏறியதாம்.

"நேத்து முப்பத்தெட்டெல்லோ?"

"நேத்து நீங்க வாடிக்கை, அக்கா."

இந்தப் பதிலில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்று மாகிரட்டுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. ஐம்பதுப்படி கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள் மானத்தை விட்டுவிட்டு மறுபடி போய், தன்னைப் பழையபடி வாடிக்கையில் சேர்க்கச் சொன்னாள். மஹ்ரூபுக்கு உண்மையிலேயே சந்தோசம். கதிரை போட்டு இருத்தி, பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடித்து முடித்த பிறகுதான் விலையைச் சொன்னார். இன்றைய விலை ஐம்பத்திரண்டு. இனி அவளுக்கு என்றென்றைக்கும் ஐம்பத்திரண்டு.

"என்ர விலை நாப்பத்தஞ்செல்லோ, நானா?"

"அது பழைய வாடிக்கைக்கு. நீங்க இண்டைக்குத்தானே சேர்ந்தீங்க."

பிளேன்ரீ குடித்த வாயால் சண்டை பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சம்மதித்துவிட்டாள். அடுத்த நாள் குருநாகலிலிருந்து லொறி லொறியாக முட்டை வந்து இறங்கியது. ஊருக்கெல்லாம் நாற்பது ரூபாய். மாகிரட்டுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு.

இப்போது அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பேணாட் மீன் சந்தைக்கு மட்டும் போகிறவர். அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை. அவரை யாரோ ஒருவர் போல அனுப்பி, முந்நூறு முட்டையை நாற்பதுப்படி வாங்கிவிடலாம். மனைவி யார் என்று வாய் திறக்கக்கூடாது, கதை கொடுக்கக்கூடாது, வாங்கியதும் வந்துவிட வேண்டும் என்று மூன்று தரம் சொல்லிக் காசைக் கொடுத்து அனுப்பினாள்.

பேணாட் மத்தியானம்தான் திரும்பி வந்தார். கையில் முட்டை இல்லை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. மஹ்ரூபின் வாப்பாவும் துறைமுகத்தில் வேலைசெய்தவராம். அந்தக் காலத்துக் கப்பல்களைப் பற்றிக் கதைத்ததில் நேரம் போனதே தெரியவில்லையாம். அருமையான மனுசனாம்.

"முட்டை எங்க?"

"பின்னேரம் ஓட்டோவில வரும். என்னையும் வாடிக்கையில சேர்த்திட்டார். நத்தாருக்கு எவ்வளவு ஏறினாலும் எனக்கு மாறாதாம். ஐம்பதுப்படி. காசு குடுத்திட்டன்." பிறகு பெருமையோடு சொன்னார்: "உன்னைவிட ரெண்டு ரூபா குறைவு."

மாகிரட் குசினியில் போய் உட்கார்ந்துவிட்டாள். காசு போனது ஒரு பக்கம். சாமான் தட்டுப்பாடான நாட்களில்கூட வேறு கடையை எட்டிப் பார்க்காமல் இருந்ததற்கு இதுவா பலன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அந்த மனுசனை அவள் சொந்தச் சகோதரனைப் போல நம்பியிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் றம்லாவின் குரல் கேட்டது. றம்லா மஹ்ரூபின் மனைவி. மகளின் பிறந்தநாள் கேக்கை எடுத்துப்போக வந்திருந்தாள். புருசன் மேலிருக்கும் கோபத்தை அவளிடம் காட்டக்கூடாது என்று மாகிரட் பல்லைக் கடித்துக்கொண்டு கேக்கை எடுத்துவந்தாள். மேசையில் அதே அளவில், அதே ஐசிங்கோடு இன்னொரு கேக் இருந்தது. அது ஆருக்கு என்று றம்லா கேட்டாள். உப்புவெளியில் புதிதாக வந்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு என்றும், இரண்டாயிரத்தைந்நூறு என்றும் மாகிரட் யோசியாமல் சொல்லிவிட்டாள்.

றம்லா மூன்று ஆயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினாள். மாகிரட் எப்போதும்போல அதை வாங்கி மடித்து வைத்தாள்.

அதற்குமேல் அவளுக்கு அடக்க ஏலவில்லை. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை நடந்ததெல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ றம்லா, நம்பி வாற ஆக்களிட்டக் கூட எடுத்து, புதுசா வாற ஆக்களுக்குக் குறைச்சுக் குடுக்கிற இந்த வியாபாரத்தை நானாவுக்கு ஆர் பழக்கினது?"

றம்லா கேக் பெட்டியை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கிக்கொண்டாள்.

"நீங்கதான் அக்கா. சாமான் விலை ஏறின நேரம், ஏறினாலும் இறங்கினாலும் எங்களுக்குக் கேக் எப்பவும் மூவாயிரம் எண்டு நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே அவர் முட்டைக்கும் அப்பிடித் தொடங்கினார்."