ஐந்து நட்சத்திரக் கடிகாரம்

என்ன ஆனாலும் நான் யாரிடமும் கைகட்டி வேலை பார்ப்பதில்லை, நானே முதலாளி என்று ஒரு நல்ல நாளில் முடிவெடுத்தேன். எடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன்.

கடைத்தெருவில் இருந்த என் கடிகாரக் கடையை அப்போதுதான் மூடியிருந்தேன். கைப்பேசியில் மணி பார்க்கும் ஜனங்களுக்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு? மிச்சச் சரக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் கடிகாரம், அலமாரியில் கடிகாரம். எல்லாம் ஓடின. என் பிழைப்பு மட்டும் நின்றுபோயிருந்தது. சும்மா உட்கார்ந்தால் டிக் டிக் என்று யாரோ என்னையே எண்ணிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

என் மச்சானுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. ஆன்லைன் கடைகளின் பொருட்களைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி அனுப்புகிற கிடங்கு.

"அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. போங்களேன்" என்றாள் மனைவி.

"அடுத்தவன் சரக்குக்கு டேப் ஒட்டவா? நானே ஆன்லைன்ல கடை திறக்கறேன். உலகமே வந்து வாங்கும்."

"நம்ம தெருவே வரல. உலகம் வருதாக்கும்?"

"மாசக் கடைசிக்குள்ள ஒரு கடிகாரமாவது வித்துக் காட்டறேன். இல்லேன்னா உங்கண்ணன்கிட்ட போறேன். போதுமா?"

"பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லி முடிக்க ஒரு நாள் போதாது.

சின்ன வியாபாரிகளுக்கென்றே இருக்கும் ஒரு தளத்தில் கடையைத் திறந்தேன். வெள்ளைப் போர்வையை விரித்துப் படம் எடுத்தேன். எனக்கு டைப் அடிக்க வராது என்பதால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதும், பார்சல் கட்டுவதும் மனைவியின் வேலை. நிர்வாகம் நான். ஒரு நாள், உங்கள் கடைக்கு ஒருவர் வந்து பார்த்தார் என்று தளம் சொன்னது. குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது நான்.

மாதம் முடியப் போனது. கடைத்தெருவில் எல்லோருக்கும் நான் 'கடிகாரக்காரர்'. வேறு எதுவும் என்னிடம் மிச்சமில்லை. டேப் ஒட்டப் போனால் அந்தப் பெயரும் போய்விடும்.

அடுத்த தெருத் தையல்காரனிடம் போனேன். பழைய சிநேகிதன்.

"உன் விலாசத்துல ஒரு ஆர்டர் போடறேன். பார்சல் வந்தா வாங்கி வை. பிரிக்காதே. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

"உன் கடிகாரத்தை நீயே வாங்கறியா?"

"சத்தமாப் பேசாதே."

"இதுக்கு உக்காந்து அழலாம்ப்பா."

"அழுது பாத்தாச்சு."

புதுப் பெயரில் ஒரு வாடிக்கையாளர் பிறந்தார். அன்று மாலையே சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க! ஆர்டர் வந்திருக்கு!"

"அப்படியா!" என்று வாயைப் பிளந்தேன். நன்றாகவே பிளந்தேன்.

"விலாசம் தையல்காரர் வீடு மாதிரி இருக்கே?"

"மாடிக்கு யாரோ புதுசா குடி வந்திருக்காங்களாம்."

"உலகம் அடுத்த தெருவுலயே இருக்கு போல" என்றாள். அவளே பார்சல் கட்டினாள், அவளே அனுப்பினாள்.

பார்சல் வந்துவிட்டதாக மறுநாள் தையல்காரன் போன் செய்தான். உடனே கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினேன். 'அருமையான கடிகாரம். கூடத்தில் மாட்டியிருக்கிறோம். கடைக்காரர் தங்கமான மனிதர்.' கடைசி வரியை எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. யாராவது அப்படிச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

சமையலறையிலிருந்து கடையின் பதில் வந்தது.

'நன்றி சார். சுவத்துல ஆடாம இருக்குதா?'

'ஆடவே இல்லை. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.'

'உங்க வீட்டுக்காரம்மா கொடுத்து வெச்சவங்க சார்.'

'அது அவளுக்குத் தெரிய வேண்டுமே.'

சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

'தெரியும் சார். அந்தப் பார்சலை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.'

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு தையல்காரன் வீட்டுக்கு ஓடினேன். பார்சலைப் பிரித்தேன். கடிகாரம் இல்லை. மச்சானின் கிடங்குப் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்று மடித்தபடி இருந்தது. அதன் மேல் புத்தம் புதுச் சாப்பாட்டு டப்பா.

தையல்காரன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது நான் தைச்சதுப்பா. நீ கடை திறந்த அன்னிக்கே உன் வீட்டம்மா ஒரு பழைய சட்டையை அளவுக்குக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க அண்ணன் கிடங்கு ஆளுக்குன்னு சொன்னாங்க. உனக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

கைப்பேசி சிணுங்கியது. கடையிலிருந்து வாடிக்கையாளருக்குக் கடைசியாக ஒரு செய்தி.

'டப்பாவை மறக்காம எடுத்துட்டு வாங்க சார், காலையில அதுலதான் சாப்பாடு கட்டணும்.'