சம்பந்தியைச் சுடுவதற்குச் சரியான தூரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் விமானமும் நலம். அங்கே உன்னுடைய, மாப்பிள்ளையுடைய, இன்னும் பெயர் வைக்கப்படாத என் பேரனுடைய நலமறிய ஆவல். உன் மாமனாரின் நலத்தை மட்டும் விசாரிக்கவில்லை. ஏனென்றால் நேற்றுக் காலை அவரை நானே சுட்டு வீழ்த்திவிட்டேன்.

பதறாதே. மாப்பிள்ளை தன் அப்பாவுக்கும் எனக்கும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த விமானச் சண்டை விளையாட்டில்தான். பேரனுக்கு என்ன பெயர் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றதும், "ரெண்டு தாத்தாவும் வானத்துலயே தீர்த்துக்குங்க, ஜெயிக்கிறவங்க சொல்ற பேரை வைக்கிறோம்" என்று சொன்னது நீதான். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "குழந்தை அழறான்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதல் ஞாயிறு நடந்த கூத்து உனக்குத் தெரியாது. விமானத்தைக் கிளப்பி மேலே போனேன், காதில் மாட்டிய ஹெட்போனில் "வணக்கம் சம்பந்தி, சௌக்கியமா?" என்று அவர் குரல். பழக்கதோஷம், இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். ஓட்டுகிற கைப்பிடியை யார் பிடிப்பது? விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. அவரோ பெருந்தன்மையாக, "இது கணக்கில்ல சம்பந்தி, நான் சுடவே இல்லையே" என்றார். பல் டாக்டராக இருந்தவர் அல்லவா, வலிக்காமல் பேசத் தெரியும்.

அதற்கப்புறம் வாராவாரம் சண்டை, இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. என் விமானத்துத் துப்பாக்கிகளில் பாதி இந்த இறக்கையில், பாதி அந்த இறக்கையில். இரண்டு பக்கத்துக் குண்டும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து போய், முன்னால் ஏதோ ஒரு தூரத்தில் ஒன்றாகச் சேரும். சேருகிற இடத்தில் எவன் இருக்கிறானோ அவன் தொலைந்தான். அந்தத் தூரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் அறுநூறு மீட்டர் வைத்திருந்தேன். ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்பாய். பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்ச் சுடுவது மரியாதையா? பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று ஊரையே விரட்டியவன்தான் நான், சம்பந்தியை நெருங்க மட்டும் மனசு வரவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து சுட்டால் குண்டு போய்ச் சேருவதற்குள் அவர் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடுகிறார். தப்பித்தவறிக் கிட்டே போய்ச் சுட்டாலோ, குண்டெல்லாம் அவருக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டுப் போகிறது!

நேற்று உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பக்கத்துக் குண்டும் அவரைத் தாண்டிப் போயில்ல சேருது? அவர் இருக்கிற இடத்துல சேர்ற மாதிரி வைங்களேன்" என்றாள். "அதுக்குக் கிட்டப் போகணும்டி" என்றேன். "கிட்டப் போகாம சண்டை போடறதுக்கு அவர் என்ன நெருப்பா? பேர் வைக்கணுமா வேணாமா?" என்றாள்.

சுருக்கென்று பட்டது. உனக்குப் பெயர் வைக்கும்போதே நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை முந்திக்கொண்டாள். பேரன் பெயராவது என் வாயிலிருந்து வரவேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா? இருநூறு மீட்டர் என்று மாற்றினேன். மேகத்துக்குள்ள புகுந்து, வெயிலுக்குப் பின்னால வந்து, இறங்கினேன் பாரு ஒரு இறக்கம்! சம்பந்தி விமானத்தோட வால் திரை பூராவும் நிக்குது. வாலில் போட்டிருக்கிற நம்பரைக்கூடப் படிக்கலாம், அவ்வளவு கிட்ட. சொல்லாம கொள்ளாம சுடக்கூடாதேன்னு "சம்பந்தி, வணக்கம், மன்னிக்கணும்"னு சொல்லி அமுக்கினேன். அடுத்த நொடி அவர் மூக்கைக் குத்திக்கிட்டு நேரா கடலுக்குள்ள! பழைய விசிலை எடுத்து நான் ஊதின ஊதுல மாடி வீட்டுக்காரர் பதறி இறங்கி வந்துட்டார். "அடிச்சுட்டேன், அடிச்சுட்டேன்"னு அவரையும் கட்டிப் பிடிச்சேன். பாவம், யாரை அடிச்சேனோன்னு மனுஷன் வெளுத்துப் போயிட்டார். சம்பந்தி மட்டும் நிதானமா, "பலே சம்பந்தி, பேரனுக்கு நீங்க சொன்ன பேருதான்"ன்னார்.

ஆகவே, நான் சொன்ன பெயரையே வைத்து, அவன் காதில் மூன்று தரம் சத்தமாகச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீயும் அவரும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உயரத்திலிருந்து இன்னும் இறங்காத
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அம்மா, "அவர் விழுந்ததை இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்க" என்றாள். விளையாட்டே எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். என் குண்டெல்லாம் இருநூறு மீட்டரில் அழகாக ஒரே இடத்தில் சேர்ந்தன. அந்த இடத்தில் சம்பந்தி இல்லை, குண்டு வருவதற்கு முன்பே அவர் ஒரு கீறலும் இல்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தார். உடனே போன் போட்டேன். "நீங்க வணக்கம்னு சொன்னா நான் கையைக் கூப்பாம இருக்க முடியுமா சம்பந்தி?" என்கிறார். "அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றேன். "விசில் சத்தம் கேட்டுது. அவ்வளவு சந்தோஷமா இருக்கிறவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்கிறார். இப்படிப்பட்ட மனுஷன் சொன்ன பெயரைவிட நான் சொன்ன பெயர் என்ன உசத்தி? அவர் சொன்ன பெயரையே வை என்றால் அவர் கேட்கமாட்டேன் என்கிறார், நான் சொன்னதைத்தான் வைக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். நானும் விடவில்லை. அதனால் மேலே எழுதிய எதையும் செய்யாதே, குழந்தையைக் கொஞ்ச நாள் "டேய்" என்றே கூப்பிடு. வருகிற ஞாயிறு மறுபடி மோதுகிறோம், ஜெயிக்கிறவர் அடுத்தவர் சொன்ன பெயரை வைக்கலாம். தூரத்தை நூற்றைம்பதாகக் குறைத்துவிட்டேன். இந்தத் தடவை வணக்கமெல்லாம் கிடையாது. அவரைச் சுட்டுத் தள்ளிட்டு அவர் சொன்ன பேரையே வைக்கிறேனா இல்லையா, பாரு!